எடைக்கு எடை மெழுகு

ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம். தோட்டங்களில் ஆள் குறைத்து, குறைத்த ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பினாங்கு டவுனிலும் வேலை போனவர்கள் காப்பிக்கடையில் ஒரே கோப்பையை வைத்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார்கள். அப்படிப்பட்ட 1931-ஆம் வருஷத்தில் வேதநாயகம் தன் மனைவி சவுந்தரத்திடம், கையில் இருக்கிற வேலையை விட்டுவிடச் சொன்னார். கேள்விப்பட்டவர்கள் கிராணியாருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். அவருக்குப் பிடித்திருந்தது பித்து இல்லை, பயம்.

வேதநாயகம் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. மாதச் சம்பளம் அறுபது வெள்ளி. சவுந்தரம் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவளுக்குச் சம்பளம் முப்பத்தைந்து. இரண்டு சம்பளம் வருகிற வீட்டுக்கு என்ன குறைச்சல்? டத்தோ கிராமாட் ரோட்டில் வாடகை வீடு, காலையில் ஆளுக்கொரு ரிக்‌ஷா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வள்ளியம்மா என்ற ஆயா, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்கறி. வெள்ளை டிரில் கோட்டும் காலில் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்துமாக ரிக்‌ஷாவில் ஏறும்போது தெருவில் இரண்டு பேராவது தன்னைப் பார்க்கவேண்டும் என்று வேதநாயகம் ஆசைப்படுவார். பார்க்கவும் செய்தார்கள், பொய் சொல்லக்கூடாது.

முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்து, ஏழாம் மாதம் வயிற்றுப்போக்கில் இறந்துபோயிருந்தாள். பிரசவமாகி ஐந்து வாரத்தில் சவுந்தரம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டாள். பிள்ளையை வளர்த்தது வள்ளியம்மாவும் டின் பாலும்தான். சர்வேசுரன் கொடுத்தார், சர்வேசுரன் எடுத்துக்கொண்டார் என்று கோயிலில் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். வேதநாயகமும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டார். டின் பாலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு பெஞ்சமின் பிறந்தான். மறுபடியும் அதே ஐந்து வாரம், அதே ஆயா, அதே டின். மார்ச் மாதத்தில் அவனும் உரித்த கோழிமாதிரி ஆகிவிட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளைக்கார டாக்டர் குழந்தையின் தொடைத் தோலை இரண்டு விரலால் இழுத்துவிட்டார். இழுத்த தோல் திரும்பிப் போகாமல் அப்படியே நின்றது.

என்ன பால் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். டின் பால் என்றார் வேதநாயகம். இருப்பதிலேயே விலை கூடிய டின் என்றும் சேர்த்துக்கொண்டார், அதற்குத் தனியாக மார்க் போடுவார்கள் என்பதுபோல.

"தாய் செத்துப்போய்விட்டாளா?" என்று டாக்டர் கேட்டார்.

சவுந்தரம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும்.

"இல்லை, அவள் டீச்சர்" என்றார் வேதநாயகம்.

"அப்படியானால் அவளிடம் படிக்க இவன் இருக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போனார். ஆஸ்பத்திரித் தராசில் பெஞ்சமின் ஐந்து கட்டி இருந்தான், ஏழு ராத்தல்கூட இல்லை. பசாரில் ஒரு நல்ல வஞ்சிர மீன் அதைவிட எடை இருக்கும்.

மறுநாள் காலைப் பூசையில் வேதநாயகம் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டார். கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்த்தாஜாம் மலையடிவாரத்தில் அன்னம்மாள் கோயில் இருக்கிறது. தேவமாதாவையே பெற்றெடுத்த தாய் அவள். ஜூலை மாதத் திருவிழாவுக்கு எந்த ஜாதி, எந்த மதம் என்றில்லாமல் ஜனம் போய் மெழுகுவர்த்தி ஏற்றும். "அன்னம்மாளே, தாயே, இந்தப் பிள்ளை தேறிட்டா அவன் எடைக்கு எடை மெழுகுவர்த்தி கொண்டாந்து வைக்கிறேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கம்பெனியில் தேதியும் எடையும் இல்லாத சரக்குச் சீட்டைத் தொடக்கூட மாட்டார். சரக்கு எப்போது வந்தது, எத்தனை கட்டி என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் பரலோகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் எந்தத் தேதி, எந்த நாளைய எடை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பதற்றம்தான் காரணம்.

அன்று சாயங்காலம், வேலையை விட்டுவிடு என்றார். சவுந்தரம் உடனே சரி என்று சொல்லவில்லை.

"எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும். அதையும் தெரிஞ்சுக்குங்க. சின்னப் பிள்ளைங்க மொத மொத எழுத்துக் கூட்டிப் படிக்கிறப்ப கேக்கணும், அது ஒரு தனி சந்தோஷம்" என்றாள். பிறகு பள்ளிக்கூடத்துச் சிலேட்டுப் பலகை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக் கணக்குப் போட்டாள். சம்பளம் முப்பத்தைந்து. ஆயாவுக்குப் பத்து, ரிக்‌ஷாவுக்கு ஆறு, டின் பாலுக்கு ஐந்து, பள்ளிக்கூடத்துக்கு உடுத்துகிற சேலைகளை வெளுக்க டோபிக்கு மூன்று. மிச்சம் பதினொன்று.

அந்தப் பதினொன்றின்மேல் அவள் விரலை வைத்தாள். "இதுக்காங்க நான் ரெண்டு பிள்ளையையும் விட்டுட்டுப் போனேன்?" என்றாள். அவள் எச்சில் தொட்டுப் பலகையை அழித்துவிட்டாள்.

ஆனால் பதினோரு வெள்ளி ஒன்றும் வானத்திலிருந்து விழாது. வரவு எட்டணா, செலவு பத்தணா என்று ஏற்கெனவே மாதக் கடைசியில் முழி பிதுங்குகிற குடும்பம். எதையாவது வெட்டவேண்டும். வேதநாயகம் முதலில் உப்பு, புளியில் ஆரம்பித்தார். ஆம்பிளைகள் சிக்கனம் பண்ணக் கிளம்பினால் நேராக அடுப்படிக்குத்தான் போவார்கள். சவுந்தரம் டீச்சர் பார்வை ஒன்று பார்த்தாள். "புளியில மிச்சம் பிடிச்சு வாடகை குடுக்க முடியாதுங்க. வீட்டை மாத்துங்க" என்றாள்.

மாற்றினார்கள். டவுனைவிட்டுத் தள்ளி ஜெலுத்தோங்கில், முகம்மது சுல்தான் என்பவரின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. வாடகை எட்டு வெள்ளி. வீடு முழுக்கக் கருவாட்டு வாசம், அதற்கு வாடகை இல்லை. ஆட்டுக்கறி நின்றது. சுருட்டு நின்றது. இங்கிலீஷ் பேப்பரை ஆபீசில் துரை படித்து முடித்தபிறகு படித்துக்கொண்டார். வள்ளியம்மாவுக்குக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தோட்டத்தில் அவள் அண்ணன் இருந்தான், அங்கே போனாள். போகும்போது, "நீங்க வாங்கிக் குடுத்த பாலத்தானேம்மா நான் ஊத்துனேன்" என்றாள். அது நியாயமான பேச்சு. சவுந்தரம் அவளுக்கு ஒரு நல்ல சேலையைக் கொடுத்தாள், தலை நிமிராமல்.

முக்கியமான வெட்டு ரிக்‌ஷாதான். ஜெலுத்தோங்கிலிருந்து பீச் ஸ்ட்ரீட்டுக்குப் போக மூன்று மைல், வர மூன்று மைல். வேதநாயகம் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நடப்பார், ஆபீஸ் மூலையில் நின்று வியர்வையைத் துடைத்து மாட்டிக்கொள்வார். இதற்கெல்லாம் அவர் மனசு வளைந்தது. ஒன்றுக்குமட்டும் வளையவில்லை.

"சப்பாத்தைக் கையில எடுத்துட்டுப் போயி, ஆபீஸ் வாசல்ல போட்டுக்குங்களேன். தேயாம இருக்கும்" என்று சவுந்தரம் ஒருநாள் சொன்னாள்.

"கிராணி வெறுங்காலோட நடக்கறதா? நம்ம கோயில் ஆளுங்க யாராச்சும் பாத்தா? ஆபீஸ் ஆளுங்க பாத்தா?" என்று வேதநாயகம் குதித்தார். பட்டினி கிடக்கச் சொன்னால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. அவள் விட்டுவிட்டாள்.

வீட்டில் ஒரு செலவுமட்டும் கூடியது. சவுந்தரத்துக்குப் பால் ஏறக்குறைய வற்றிப்போயிருந்தது. வற்றின பாலை மறுபடி ஊறவைக்க என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தார்கள். பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. வேதநாயகமே விடியலில் பசாருக்குப் போய்ச் சுறாத் துண்டை மோந்து பார்த்து வாங்கிவருவார். அவருக்கு ரசம், அவளுக்குச் சுறா. அழுகிற குழந்தையை அவள் விடாமல் மாரோடு வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம், குழந்தை குடித்த பாலைக் கொஞ்சம் கக்கிவிட்டது. வேதநாயகம் வீட்டுக்கு வந்ததும் சவுந்தரம் ஓடிவந்து, "வாயில வழியற அளவுக்குக் குடிச்சிட்டான்ங்க" என்று சொல்லி அழுதாள்.

அந்த ஜூலையில் நேர்ச்சையைச் செலுத்தியிருக்கலாம். வீடு மாற்றின செலவில் கை காய்ந்திருந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று வேதநாயகம் தள்ளிப்போட்டார். கடனைத் தள்ளிப்போட்டால் சுமை குறைகிற மாதிரி ஒரு எண்ணம் எல்லாருக்கும் வரும். அவர் மறந்துபோனது, இந்தக் கடனுக்கு வட்டி வேறுவிதம் என்பதை. பிள்ளை வாங்கிய ஒவ்வொரு வாய்ப் பாலும் வட்டியாக ஏறிக்கொண்டிருந்தது. ஆறு மாதத்தில் கை கால் மடிப்பு விழுந்தது. கிறிஸ்துமஸுக்குள் முகம்மது சுல்தானின் அரிசி மூட்டைமேல் ஏறி நின்றான். வேதநாயகம் அவனைத் தூக்கும்போதெல்லாம் சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் சிரிப்பார், அடுத்த நிமிஷம் மெழுகு விலை நினைவுக்கு வந்து சிரிப்பு பாதியில் நிற்கும்.

"என்னங்க, பிள்ளை கனக்கறதுக்கா மூஞ்சிய தூக்குறீங்க?" என்று சவுந்தரம் கேட்பாள்.

"வலுத்துட்டான், அதான் பாக்கறேன்" என்பார்.

மறு வருஷம் மே மாதத்தில் கம்பெனி எல்லாக் கிராணிகளுக்கும் நூற்றுக்குப் பத்து வெட்டியது. அறுபது ஐம்பத்துநாலு ஆயிற்று. இரண்டு பேருக்குச் சீட்டுக் கிழிந்தது. ஒருவன் கோட்டுக் கை நைந்துபோனவன், இன்னொருவன் கடன்காரன் தேடிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தவன். வறுமை தெரிகிறவனைத்தான் துரை முதலில் கழிப்பார் என்பது எல்லாருக்கும் புரிந்துபோனது. ஒரு நாள் பெரிய கிராணி மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்து, "வேதநாயகம், துரை இப்பல்லாம் ஆளோட முகத்தைப் பாக்கறதில்ல, காலைத்தான் பாக்கறாரு. ஜூலைக்குள்ள புதுசு போட்டுடு" என்றார்.

ஒரு வருஷத்துக்கு மேலாகத் தினம் ஆறு மைல் நடந்த சப்பாத்து. அடியில் ஓட்டை விழுந்து, முகம்மது சுல்தான் கொடுக்கிற சவுக்காரப் பெட்டி அட்டையை வெட்டி உள்ளே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். "இன்னிக்கும் மழை லா, ரெண்டு அட்டையா எடுத்துக்கங்க கிராணியாரே" என்பார் சுல்தான். ரிக்‌ஷாவில் மிச்சம் பிடித்தது சப்பாத்தில் வந்து நின்றது. புதுச் சப்பாத்துக்கு டவுனில் ஆறு வெள்ளி. புக்கிட் மெர்த்தாஜாமில் ஒரு சீனக் கடையில் ஐந்துக்குக் கிடைக்கும் என்று சுல்தான்தான் சொன்னார்.

அதே சமயத்தில் பள்ளிக்கூடத்து மதரிடமிருந்து ஆள் வந்தது. சவுந்தரத்தின் இடத்துக்கு வந்த டீச்சர் கல்யாணமாகிப் போகிறாளாம். ஆகஸ்டிலிருந்து சவுந்தரம் வரலாம், பழைய சம்பளம்தான், ஜூலைக் கடைசிக்குள் பதில் வேண்டும். சவுந்தரம் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. பெஞ்சமின் சோறு தின்ன ஆரம்பித்திருந்தாலும் பாதி வயிறு தாய்ப்பால்தான். பால் மறக்கடிக்கிற காலம்தான் பிள்ளைக்குக் கண்டம், வயிற்றுக்கு ஒன்று வந்தால் அப்போதுதான் வரும். பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். அவளுக்குப் பள்ளிக்கூடமும் வேண்டும், பிள்ளையும் வேண்டும். இரண்டில் எதை விட்டாலும் வலிக்கும் என்பதை அவள் மறைக்கவில்லை.

"இன்னும் ஒரு வருஷம் வீட்ல இருந்தா நல்லதுதான். ஆனா உங்க ஒரு சம்பளத்துல ஓடணும். அந்த சம்பளமும் நிலைக்கணும்" என்றாள்.

ஆக, எல்லாம் ஒரு ஜோடிச் சப்பாத்தில் வந்து நின்றது. சப்பாத்து வாங்கினால் வேலை நிலைக்கும். வேலை நிலைத்தால் தாய் வீட்டில் இருப்பாள். குறுக்கே நின்றது நேர்ச்சை. மெழுகு ஒரு கட்டி எடைக்கு ஐம்பது காசு, அதாவது அரை வெள்ளி. பிள்ளை இப்போது எத்தனை கட்டி என்று நிறுத்துப் பார்க்கவே வேதநாயகத்துக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் பங்குச் சாமியாரிடம் போனார்.

சாமியார் பிரான்ஸ் தேசத்துக்காரர். முப்பது வருஷமாகத் தமிழ் பேசுகிறார், பேசினால் செபப்புத்தகம் பேசுகிற மாதிரி இருக்கும்.

"சாமி, பிள்ளையோட எடையைக் குறைக்க முடியாது. நேர்ச்சையைக் குறைக்க வழி உண்டா?" என்று கேட்டார் வேதநாயகம்.

சாமியார் தாடிக்குள் சிரித்தார். "நீர் எந்நாளில் நேர்ந்துகொண்டீர்?"

"போன வருஷம் மார்ச் மாசம், சாமி."

"அந்நாளில் பிள்ளையின் எடை?"

"அஞ்சு கட்டி."

"ஆகையால் அதைச் செலுத்தும். தரித்திரனை நெருக்கி வாங்குகிறவரல்ல சர்வேசுரன்."

தரித்திரன் என்ற வார்த்தை கொஞ்சம் குத்தியது. ஆனாலும் வேதநாயகம் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரண்டரை வெள்ளியில் நேர்ச்சை, ஐந்து வெள்ளியில் சப்பாத்து. சவுந்தரத்திடம் சொன்னார். சாமியே சொன்னபிறகு என்ன என்று அவளும் நிம்மதியானாள்.

திருவிழா ஞாயிறன்று விடியலில் மூவரும் ஃபெரி ஏறி அக்கரையில் பிறை என்ற துறைக்குப் போய், அங்கிருந்து ரயிலில் புக்கிட் மெர்த்தாஜாம் போய் இறங்கினார்கள். ஸ்டேஷனிலிருந்து கோயில்வரை ஜனம். சீனக் கிழவிகள், தோட்டத்துத் தமிழ் ஆட்கள், யூரேசியத் துரைசானிகள், எல்லாருடைய கையிலும் மெழுகுவர்த்தி. வெயிலில் அது வளைந்து வளைந்து போனது. சப்பாத்தை முதலில் வாங்கிவிடலாம் என்றாள் சவுந்தரம். முதலில் அன்னம்மாள், பிறகு சப்பாத்து என்றார் வேதநாயகம். அதைச் சொல்லும்போது தன் பக்தி தனக்கே பிடித்திருந்தது.

கோயில் வாசலுக்கு எதிரே ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், பந்தல் போட்டு மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்தார். எடை நேர்ச்சைக்கு வருகிற பிள்ளைகளை நிறுக்க ஒரு தூக்குக்கோல் வைத்திருந்தார். நீளமான மரக்கோல், ஒரு முனையில் கொக்கி, கோல்மேல் கட்டிக்கொரு பித்தளைப் புள்ளி, கயிற்றில் தொங்குகிற ஒரு குண்டு. கொக்கியில் மாட்ட ஒரு மூங்கில் கூடையை எடுத்தார். பன்றிக்குட்டி நிறுக்கிற கூடைதானே அது என்று சவுந்தரம் முறைத்தாள். தவுக்கே சிரித்துவிட்டு வேறு ஒரு புதுக்கூடையை எடுத்தார், அவள் தன் துண்டை விரித்துப் பிள்ளையை உட்காரவைத்தாள்.

நிறுக்கவே தேவையில்லை, ஐந்து கட்டி கொடு என்று சொல்லத்தான் வேதநாயகம் வந்திருந்தார். ஆனால் எதிரே தூக்குக்கோல் இருக்கும்போது சரக்கை நிறுக்காமல் போவது ஒரு கப்பல் கிராணியால் முடிகிற காரியமா? எவ்வளவுதான் இருக்கிறான் பார்ப்போம் என்று பேசாமல் நின்றார்.

இரண்டு பேர் கோலைத் தோளுக்குத் தூக்கினார்கள். பெஞ்சமின் கூடையில் தொங்கிக்கொண்டு, ஊஞ்சல் என்று நினைத்துக் கைதட்டினான். தவுக்கே குண்டை ஐந்தாவது புள்ளியில் வைத்தார். கோல் அசையவே இல்லை, பிள்ளை பக்கம் தரையைத் தொடுகிறமாதிரி சாய்ந்து கிடந்தது. குண்டு நகர்ந்தது. எட்டு, பத்து, பன்னிரண்டு.

வேதநாயகம் அந்த ஐந்தாவது புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் பிள்ளை இருந்த இடம் அது. முதல் பெண் அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்பாள், அவ்வளவோடு நின்றுபோனாள். குண்டு அவளையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே இருந்தது சவுந்தரம் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்கள், சுறாப் புட்டு, கருவாட்டு வாசம், தான் நடந்த நடை. குண்டு ஒரு இடத்தில் நின்றது, கோல் மெதுவாக மட்டத்துக்கு வந்தது.

"லப்பான் பெலாஸ்!" என்று தவுக்கே கத்தினார். பதினெட்டு கட்டி. சுற்றி நின்ற ஜனம் சிரித்தது. யாரோ ஒரு கிழவி பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"பதினெட்டுக்கும் போடு" என்றார் வேதநாயகம்.

சவுந்தரம் அவர் முழங்கையைப் பிடித்தாள். "என்னங்க, சாமி அஞ்சுன்னுதானே சொன்னாரு?"

"சாமி சொன்னது சாகக் கிடந்த பிள்ளையோட எடை. நான் நேர்ந்தது தேறுன பிள்ளைக்கு."

"சப்பாத்து?"

அவர் பையிலிருந்ததை எடுத்துத் தவுக்கேயின் பலகைமேல் வைத்தார். நேர்ச்சைக்கு வைத்த இரண்டரை, சப்பாத்துக்கு வைத்த ஐந்து, ரயிலில் திரும்ப ஒன்று, மத்தியானச் சோற்றுக்கு அரை. ஒன்பது வெள்ளி சரியாக இருந்தது. ஃபெரிக் காசைமட்டும் தொடவில்லை. கடல்மேல் நடக்கப்போய் இயேசுவின் சீடர் இராயப்பரே முங்கிப்போனார், இவர் கிராணி.

சவுந்தரத்துக்குக் கோபம் வந்தது. ஒன்றே கால் வருஷம் காசுகாசாக எண்ணி வாழ்ந்தவளுக்கு வராமல் இருக்குமா? ஆனால் மெழுகுவர்த்திக் கட்டுகளை அவர் மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினபோது, பின்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினவளுக்கு மூச்சு வாங்கியது. அவர் கையில் இருந்த கனமும் தன் கையில் இருந்த கனமும் ஒன்றுதான் என்பது அப்போது அவளுக்கு உறைத்தது. மேலே போய்ச் சேர்வதற்குள் கோபம் போய்விட்டது. வர்த்திகளை இருவரும் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். அவ்வளவு மெழுகையும் ஏற்றி முடிக்க நெடுநேரம் ஆனது.

பூசை முடிந்து, பிள்ளைக்கென்று கொண்டுவந்த வாழைப்பழத்தை மூவரும் தின்றுவிட்டுப் பிறைக்கு நடக்க ஆரம்பித்தார்கள். எட்டு மைல். வேதநாயகம் பெஞ்சமினைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். இரண்டாவது மைலில் ஒரு சப்பாத்தின் அடி வாயைப் பிளந்தது. கொஞ்ச தூரம் அதை இழுத்து இழுத்து நடந்தார். பிறகு நின்று, இரண்டையும் கழற்றி, கயிறுகளை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். எதிரே வந்த ஜனம் அதையும் ஒரு நேர்ச்சை என்று நினைத்துக்கொண்டு வழிவிட்டது. பெஞ்சமின் சப்பாத்துக்குள் கையை விட்டு அட்டையைப் பிய்த்து ஒவ்வொரு துண்டாகக் கீழே போட்டுக்கொண்டே வந்தான்.

"நாளைக்குக் காலையில ஆபீஸ் போறதுக்குள்ள செருப்புத் தைக்கிறவன்கிட்ட அடி வச்சுத் தச்சிடலாம். நல்லாக் கறுப்பு மை போட்டுத் தேச்சா துரைக்குத் தெரியாது. நான் தேச்சுத் தரேன்" என்றாள் சவுந்தரம்.

"ம்."

"தெரிஞ்சிட்டா?"

"தெரிஞ்சா பாத்துக்கலாம்."

பிள்ளை தூங்கிவிட்டான். தூங்கின பிள்ளை இரண்டு மடங்கு கனக்கும். நான் கொஞ்சம் தூக்குகிறேன் என்று சவுந்தரம் கை நீட்டினாள், அவர் கொடுக்கவில்லை.

"மதருக்கு என்ன எழுதறது?" என்று அவள் கடைசியில் கேட்டாள்.

"வந்து பையனத் தூக்கிப் பாக்கச் சொல்லி எழுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்து நினைவு ஒரு நிமிஷம் வந்து போயிருக்கவேண்டும். "இன்னும் ஒரு வருஷம்னு எழுதறேன். அப்புறம் கேக்கறேன், வச்சிருந்தா குடுக்கட்டும்" என்றாள்.

பிறை வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஃபெரித்துறையில் திருவிழாக் கூட்டம் நெரிந்தது. விளக்குக் கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டோடு நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சவுந்தரம் எட்டிப் பார்த்துவிட்டு அவர் பக்கம் குனிந்து, "உங்க பெரிய கிராணி மாதிரி இருக்குங்க. சப்பாத்தக் கால்ல மாட்டிக்குங்க" என்றாள்.

வேதநாயகம் அந்தப் பக்கம் பார்த்தார். பெரிய கிராணியேதான்.

"இருக்கட்டும். குனிஞ்சா பிள்ளை முழிச்சுக்குவான்" என்று சொல்லி, பெஞ்சமினை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.